இந்த இடம் காலியாக இருக்கக் கூடாது

"வெறுங்குடத்த வச்சா தெருக்குழாய் தண்ணி விட மாட்டேங்கு மைனி. ஒரு புளியங்கொட்டையப் போட்டு வச்சேன், மளமளன்னு விட்டுட்டு" என்று முன் இருக்கைப் பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது, டவுன் பஸ்ஸின் இரைச்சலைத் தாண்டி ஆவுடைச்செல்வியின் காதில் விழுந்தது. பக்கத்திலிருந்தவள் ஆச்சரியப்படவில்லை. தங்கள் வீட்டில் கொட்டை எடுத்த புளிதான் வாங்குவதாகவும், அதனால் தான் ஒரு கொத்தமல்லி விதையைப் போட்டதாகவும், குழாய் அதையும் ஒத்துக்கொண்டதாகவும் சொல்லிவிட்டு, இந்த வருஷம் கொத்தமல்லி விற்கிற விலையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டாள்.

அடுத்த நிறுத்தத்தில் பெண்கள் இருக்கைகளிலிருந்து நாலைந்து பேர் இறங்கினார்கள். அதோடு பஸ் நகர மறுத்தது. டிரைவர் சாவியைத் திருகிப் பார்த்தார், இறங்கிப் போய் முன்பக்கத்தைத் தட்டிப் பார்த்தார், ஏறி வந்து மறுபடி திருகினார். கடைசியில் கண்டக்டர் தன் கழுத்தைச் சுற்றியிருந்த கைக்குட்டையை ஒரு காலி இருக்கையிலும், பயணச்சீட்டுக் கட்டின் அட்டையை இன்னொன்றிலும் வைத்து, மீதி இருக்கைகளில் இடம் பிடிக்கிறது போலத் நின்றுகொண்டிருந்த ஆண்களிடம் துண்டுகளைக் கேட்டு வாங்கிப் போட்டதும், வண்டி தும்மிக்கொண்டு கிளம்பியது. இடம் இருந்தும் உட்கார முடியாமல் துண்டுகளின் பக்கத்தில் நின்றபடியே வந்தவர்களும் அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. ஜன்னலோரம் ஒடுங்கி உட்கார்ந்திருந்த ஆவுடை மட்டும் அந்தத் துண்டுகளையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஏனென்றால் முந்தின நாள் சாயங்காலம் அவள் ஒரு வரி எழுதியிருந்தாள்.

அளத்தங்கரை உப்பளங்களுக்கு நடுவே கிடந்த ஊர். அதன் கடைவீதியில், மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடைக்கு மேல்மாடியில், ஞானதுரை என்பவர் நடத்திய சின்னக் கம்ப்யூட்டர் அலுவலகத்தில் ஆவுடை வேலை பார்த்தாள். பேரூராட்சி புதிதாகக் குடிநீர்க் குழாய் போடுவதாகவும், அதற்கான விண்ணப்பத்தை இணையத்தில் வாங்கப்போவதாகவும் சொல்லி, அந்தப் பக்கத்தைச் செய்யும் வேலை அவர்களிடம் வந்திருந்தது. பெயர், கதவு எண், தெரு, கைபேசி, மின்னஞ்சல் என்று கட்டங்கள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றையும் நிரப்புகிற ஜனங்கள் மின்னஞ்சலை மட்டும் வெறுமனே விட்டுவிடுவார்கள், அப்புறம் பதில் அனுப்ப வழியில்லாமல் நாங்கள் முழிக்க வேண்டியிருக்கும் என்று செயல் அலுவலர் போனில் சத்தம் போட, ஞானதுரை வந்து ஆவுடையிடம் அதே சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துப் போட்டார். அவள், அந்தக் கட்டம் காலியாக இருந்தால் மேற்கொண்டு எதுவும் நகரக் கூடாது என்று ஒரு வரி எழுதினாள். காலியாக விட்டு அழுத்திப் பார்த்தாள். 'இந்த இடம் காலியாக இருக்கக் கூடாது' என்று சிவப்பு எழுத்தில் வந்து நின்றது. வெறும் புள்ளி ஒன்றை வைத்து அழுத்தினாள். எதுவும் கேட்காமல் போய்விட்டது. உள்ளே இருப்பது முகவரிதானா என்று பார்க்க இன்னொரு வரி எழுத வேண்டும், அதை நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று அப்படியே ஏற்றிவிட்டு, கடைசி டவுன் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். இணையத்தில் ஏறிய வரி ஊரிலும் எப்படி ஏறியது என்று பிற்பாடு யாரும் விசாரிக்கவில்லை. விசாரிக்க யாருக்கும் நேரமும் இல்லை, எதையாவது எதிலாவது போட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

பால்கூடையிலிருந்து பள்ளிக்கூடப் பை வரைக்கும், தேநீர்க் கடைக் கண்ணாடித் தம்ளரிலிருந்து கல்யாண மண்டபத்துப் பந்தி வரைக்கும், காலியாக இருந்த எதுவும் அந்த ஊரில் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. கடையின் கல்லாப்பெட்டியில் ஒன்றும் இல்லையென்றால் ஷட்டர் ஏறவில்லை. அதனால் கடைக்காரர்கள் கல்லாவில் ஒரு ஏலக்காயைப் போட்டுவிட்டுப் படுக்கப் போனார்கள். வெறும் வயிற்றோடு புறப்பட்டவர்களுக்கு வாசல் வழிவிடவில்லை. இதில் தாய்மார்கள் சந்தோஷப்பட்டார்கள், சஷ்டி விரதக்காரர்கள் மட்டும் ஒரு மிளகை வாயில் போட்டு முழுங்கிவிட்டுக் கோயிலுக்குப் போனார்கள். பரீட்சையில் ஒன்றும் எழுதாமல் கொடுக்கப்பட்ட விடைத்தாள்கள் மேஜையோடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கவே, பையன்கள் தங்கள் பெயரையும், பெயர் போதாது என்று பயந்தவர்கள் தங்கள் அப்பா பெயரையும் எழுதிவைத்தார்கள். காலி பாட்டில் வாங்கி விற்பவன் ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு வேப்பமுத்தைப் போட்டு வண்டியில் ஏற்றினான். பிள்ளை வரம் கேட்டு அம்மன் கோயில் வேம்பில் பெண்கள் கட்டிவிட்டுப் போன சின்னச் சின்னத் தொட்டில்களுக்கு மட்டும் ஒரு தொந்தரவும் வரவில்லை, அவற்றில் முதலிலேயே கல் வைத்திருந்தார்கள். அவை எப்போதும் போலக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

ஒரு வாரத்துக்குள் ஊர் பழகிவிட்டது. பெண்களின் முந்தானை முடிச்சிலும் ஆண்களின் சட்டைப் பையிலும் எப்போதும் நாலு புளியங்கொட்டை கிடந்தது. பேரூராட்சி ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, பொதுமக்கள் தங்கள் பாத்திர பண்டங்களைக் காலியாக வைத்துப் போக்குவரத்துக்கு இடைஞ்சல் செய்ய வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு போனது. அந்த ஆட்டோவும் பின்சீட்டில் ஒரு தேங்காயை வைத்துக்கொண்டுதான் போனது.

ஆவுடையின் அப்பா பால்வண்ணத்துக்குத்தான் இது பெரிய இடைஞ்சலாகிவிட்டது. அவர் உப்பளச் சாலையில் இருந்த எடைமேடையில் வேலை பார்த்தார். உப்பு ஏற்ற வரும் லாரியை முதலில் வெறும் வண்டியாக மேடையில் ஏற்றி எடை போட வேண்டும், உப்போடு திரும்பி வரும்போது மறுபடி போட வேண்டும், இரண்டையும் கழித்தால்தான் உப்பு எவ்வளவு என்று தெரியும். இப்போது வெறும் லாரி மேடையில் ஏற மறுத்தது. டிரைவர்கள் பின்னால் ஒரு கைப்பிடி உப்பைத் தூவிவிட்டு ஏற்றினார்கள், ஒரு கைப்பிடியில் என்ன வந்துவிடப் போகிறது என்று சிரித்தார்கள். பால்வண்ணம் சிரிக்கவில்லை. கைப்பிடி உப்பு விழுந்தபிறகு அது காலி எடை இல்லை, அதைக் காலி எடை என்று தட்டச்சுச் செய்ய என் விரல் வராது என்று அவர் சண்டை போட்டார். லாரிகள் சாலையில் வரிசையாக நின்றன, உப்பள முதலாளி வந்து கத்தினார், கடைசியில் பால்வண்ணம் தட்டச்சுச் செய்தார். ஒவ்வொரு நாளும் அப்படிச் செய்துவிட்டு வந்து, வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார்.

வீட்டுக்குள் அவர் வந்த வழியைச் சொன்னால்தான் அவர் கோபம் முழுசாகப் புரியும். அவர் வாசல் வழியாக வரவில்லை.

அந்த வீட்டின் பின்னறையில் ஒரு நாடாக் கட்டில் இருந்தது. ஆவுடையின் அக்கா குழல்வாய்மொழி படுத்த கட்டில் அது. நாலு வருஷத்துக்கு முன்னால் குழலி கூட வேலை பார்த்த வேறு சாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு ஓசூருக்குப் போனபோது, பால்வண்ணம் கையை ஓங்கவும் இல்லை, சாபம் விடவும் இல்லை. அன்றிலிருந்து அந்தப் பெயரைச் சொல்வதை மட்டும் நிறுத்திக்கொண்டார். ரேஷன் கார்டில் பெயர் நீக்கினார். போட்டோவைக் கழற்றவில்லை, ஆனால் அது மாட்டியிருந்த சுவரின் பக்கம் பார்ப்பதில்லை. அம்மா சண்முகவடிவு அதற்கெல்லாம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் செய்தது ஒன்றுதான்: கட்டிலை யாரும் எதற்கும் பயன்படுத்த விடவில்லை. ஆள் இல்லாத கட்டிலுக்கு எந்த வீட்டிலும் நடப்பது இந்த வீட்டிலும் நடக்கத்தான் பார்த்தது. மடிக்காத துணி அதன்மேல் வந்து விழும், பழைய பேப்பர் வந்து சேரும், மழைக்காலத்தில் அரிசி மூட்டை ஏறி உட்காரும். சண்முகவடிவு ஒவ்வொரு தடவையும் எடுத்து வேறிடத்தில் வைத்துவிட்டு, நாடாவைக் கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவாள். ஆவுடை தரையில் பாய் விரித்துத்தான் படுத்தாள்.

ஆவுடை அந்த வரியை எழுதிய மறுநாள், அவள் வேலைக்குப் போன பிறகு, அந்த வீட்டின் வாசல் கதவு சாத்திக்கொண்டது. கொல்லைக் கதவும் அதே நிமிஷம் சாத்திக்கொண்டது. தச்சர் வந்து பார்த்தார். கொண்டி, கீல் எல்லாம் சரியாக இருக்கிறது, வீட்டுக்குள் எங்கேயோ காலி இடம் இருக்கிறது, அதைப் பாருங்கள் என்று வெளியில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போய்விட்டார். தேடவே வேண்டியிருக்கவில்லை. ஒரு புளியங்கொட்டை போதும் என்று பால்வண்ணம் சொன்னார். சண்முகவடிவு வேண்டாம் என்றாள்.

அன்றிலிருந்து அந்தக் குடும்பம் கதவு இல்லாத மாடிப்படியில் ஏறி மொட்டை மாடிக்குப் போய், கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டு மாடியில் இறங்கி, அந்த வீட்டுப் படி வழியாகத் தெருவுக்குப் போய்வந்தது. பக்கத்து வீடு தங்கபுஷ்பத்தின் வீடு. தங்கபுஷ்பம் ஒரு வாரம் சிரித்த முகமாக வழிவிட்டாள். இரண்டாவது வாரம், அண்ணாச்சி வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுச் சுவரு தாண்டுத அழகப் பாக்கத் தெருவே மாடியில நிக்கு என்று கேலி பேசினாள். பிறகு கேலியும் தீர்ந்துபோய், சாப்பிடுகிற நேரத்தில் நடுவீட்டில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டு மனுஷர்கள் வரிசையாகப் போவதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தொடங்கினாள். அவர்கள் வீட்டு நாய் மட்டும் பால்வண்ணத்தை ஒவ்வொரு நாளும் புதுசாகப் பார்ப்பதுபோலக் குரைத்தது.

ஆவுடை அலுவலகத்தில் தன்னால் முடிந்ததைச் செய்யப் பார்த்தாள். யாரிடமும் எதையும் அழுத்திச் சொல்லத் தெரியாத பெண் அவள். மூன்று நாள் வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் ஞானதுரையின் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். மின்னஞ்சல் இல்லாதவர்களை இல்லை என்று விட்டுவிடலாமே சார், கட்டாயம் என்பதை எடுத்துவிடலாமே, ஊரே சிரமப்படுகிறதே என்றாள். ஊருக்கு இதனால் ஒழுங்குதானே வந்திருக்கிறது என்று அவர் சொன்னார். எடுக்க வேண்டுமானால் செயல் அலுவலர் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்றார். செயல் அலுவலர், அது மேலே இருப்பவர்கள் கேட்டது என்றார். மேலே யார் என்று கேட்காமலே ஆவுடை போனை வைத்தாள். ஒரு நாள் மதியம் ஞானதுரை சாப்பிடப் போன நேரத்தில், யாரிடமும் சொல்லாமல் அந்த வரியை அழித்தே விட்டாள். இணையத்தில் காலிக் கட்டங்கள் ஒவ்வொன்றாக வந்து குவிந்தன. ஊரில் ஒரு வெறுங்குடமும் நகரவில்லை. சாயங்காலம் ஞானதுரை வரியைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, நாளைக்கு இதே மாதிரி இன்னொன்று நடந்தால் உன் நாற்காலியில்தான் புளியங்கொட்டை வைக்க வேண்டியிருக்கும் ஆவுடை என்றார். அவள் பஸ்ஸில் துண்டு போட்ட இருக்கைக்குப் பக்கத்தில் நின்றபடி, பல்லைக் கடித்துக்கொண்டு வீடு வந்தாள்.

இதற்கிடையில் விண்ணப்பத்தில் ஊர் தன் வழியைக் கண்டுபிடித்திருந்தது. மின்னஞ்சல் கட்டத்தில் சிலர் புள்ளி வைத்தார்கள், சிலர் குலதெய்வத்தின் பெயரை எழுதினார்கள். உள்ளே இருப்பது முகவரிதானா என்று பார்க்கும் இரண்டாவது வரியை ஆவுடை எழுதிய பிறகு, எல்லோரும் ஒரே முகவரியைக் கொடுக்கத் தொடங்கினார்கள். அது ஆவுடையின் முகவரி. படித்த பிள்ளை, நம்ம பிள்ளை, அவள் பார்த்துச் சொல்வாள் என்று ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லி, தெரியாத தெருக்களில் தெரியாத மனுஷர்களெல்லாம் அவள் முகவரியைக் கொடுத்தார்கள். உங்கள் விண்ணப்பம் கிடைத்தது, உங்கள் விண்ணப்பம் கிடைத்தது என்று மழைக்கால ஈசல் போல மடல்கள் வந்து அவள் பெட்டியில் விழுந்தன. செயல் அலுவலர் மறுபடி சத்தம் போட்டார். ஒரு முகவரியை ஒரு வீடுதான் கொடுக்கலாம், கொடுத்த முகவரிக்கு ஒரு எண் போகும், அதைப் பார்த்துச் சொல்லி அடித்தால்தான் விண்ணப்பம் ஏறும் என்று புதிய உத்தரவு வந்தது. அதையும் ஆவுடைதான் எழுதினாள்.

அதன் பிறகு வந்த நாட்களில் அளத்தங்கரையில் சாயங்காலம் முழுக்க எண்கள்தான் கேட்டன. சொந்தமாக முகவரி இல்லாதவர்கள், வெளியூரில் இருக்கும் தங்கள் ஆட்களின் முகவரியைக் கொடுத்தார்கள். சார்ஜாவில் இருக்கும் மகனுக்கும், திருப்பூரில் இருக்கும் மருமகளுக்கும், பேசாமல் இருந்த தம்பிக்கும், பாகம் பிரித்துக்கொண்டு போன அண்ணனுக்கும் போன் போட்டு, எலே ஒனக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், பாத்துச் சொல்லு என்று வாசலில் நின்று கத்தினார்கள். எண்ணைச் சொன்ன கையோடு, சாப்பிட்டியா என்றும் கேட்டார்கள். சிலர் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், சிலர் வைத்துவிட்டுத் திட்டினார்கள்.

தெருவில் எல்லா வீடும் பதிந்தாகிவிட்டது, ஒரு வீட்டைத் தவிர. தெருவின் கடைசி வீடும் பதிந்தால்தான் வால்வைத் திறப்போம் என்று பேரூராட்சியில் சொல்லிவிட்டார்கள். பால்வண்ணம் பதியவில்லை. ஆவுடையின் முகவரியைத் தங்கபுஷ்பம் முன்பே கொடுத்துவிட்டிருந்தாள். புதுசாக ஒன்று உண்டாக்கித் தருகிறேன் என்று ஆவுடை சொன்னதற்கு, எனக்கு ஈமெயில் இல்லை, இல்லாததை இருக்கிறது என்று எழுத மாட்டேன், அந்த இடத்தை வெறுமனே விட்டு அனுப்பு, வாங்கினால் வாங்கட்டும் என்று சொல்லிவிட்டார். எடைமேடையில் ஒவ்வொரு நாளும் தோற்றதையெல்லாம் அந்த ஒரு கட்டத்தில் ஜெயித்துவிட வேண்டும் என்பதுபோல இருந்தது அவர் பேச்சு. கட்டில் மேல் ஒன்றையும் வைக்க விடாத மனைவி, கட்டத்தில் ஒன்றையும் எழுத விடாத புருஷன்; நடுவில் ஆவுடை. இரண்டு பேருக்கும் பிடிவாதம் ஒன்றுதான், ஆனால் அதை இருவரிடமும் சொல்ல அவளுக்குத் தைரியம் இல்லை.

தெரு திரண்டு வந்தது. வாசல் திறக்காததால் தங்கபுஷ்பத்தின் மாடி வழியாக, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பெண்கள் ஒவ்வொருவராகச் சுவர் தாண்டி வந்து நடுவீட்டில் உட்கார்ந்தார்கள். பால்வண்ணம் சுவரில் சாய்ந்து நின்றார். குடிதண்ணீர் லாரிக்குக் காத்திருந்தே எங்கள் ஆயுசு போகிறது என்று ஒருத்தி சொன்னாள். உங்கள் வீட்டுச் சண்டைக்குத் தெரு ஏன் காய வேண்டும் என்று இன்னொருத்தி கேட்டாள். வயதில் மூத்தவள் ஒருத்தி சண்முகவடிவின் பக்கம் திரும்பி, வாசல் திறந்தால் அண்ணாச்சி கோபமும் இறங்கும், கட்டிலில் கொட்டை வேண்டாம் என்றால் போகிறது, பஸ்ஸில் போடுகிற மாதிரி ஒரு துண்டைப் போட்டு வை, துண்டு போட்ட இடம் யாருக்கோ உள்ளது என்று எல்லோருக்கும் தெரியுமே என்றாள்.

சண்முகவடிவு அதைக் கேட்டு முதல் தடவையாக நிமிர்ந்தாள். "யாரு துண்டப் போட?" என்றாள்.

அவள் பார்வை பால்வண்ணத்தின் தோளில் கிடந்த துண்டில் போய் நின்றது. எல்லோர் பார்வையும் பின்னாலேயே போனது. பால்வண்ணம் துண்டை எடுத்து, முகத்தை ஒரு தடவை துடைத்துக்கொண்டு, மறுபடி தோளில் போட்டுக்கொண்டு, படியேறி மாடிக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

தங்கபுஷ்பம் கடைசி ஆளாக எழுந்தாள். "ஒரு கொட்டைதான மைனி. அதுல என்ன கொறஞ்சுறப் போவுது" என்றாள்.

"இன்னிக்கு ஒரு கொட்ட" என்றாள் சண்முகவடிவு. "நாளைக்கு ரெண்டு துணி. தீவாளிக்கு அரிசி மூட்ட. பெறவு அவ வந்து நின்னா, எங்கம்மா படுக்கன்னு கேட்டா, நான் எதக் காட்டுவேன்?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் தங்கபுஷ்பம் கறிவேப்பிலை கேட்டு வந்தாள். சண்முகவடிவு அடுப்படியில் இருந்தாள். ஆவுடை நடுவீட்டில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள், அங்கிருந்து பின்னறை முழுசாகத் தெரியும். தங்கபுஷ்பம் அடுப்படிக்குப் போகிற வழியில் பின்னறைக்குள் ஒரு எட்டு வைத்ததையும், முந்தானை முடிச்சை அவிழ்த்ததையும், அவள் கை கட்டிலின் மேல் ஒரு கணம் போய் வந்ததையும் ஆவுடை பார்த்தாள். பார்த்துக்கொண்டே மடித்த துணியை மறுபடி மடித்தாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இன்னொருவர் வீட்டு நடுவே நடந்து நடந்து அவளுக்கும் அலுத்துப்போயிருந்தது.

வாசல் கதவும் கொல்லைக் கதவும் ஒரே நேரத்தில் திறந்துகொண்டன. பல வாரமாக உள்ளே வராத காற்று உப்பு வாசனையோடு வந்து காலண்டரைப் படபடக்கவைத்தது. தெரு வெளிச்சம் நடுவீட்டுத் தரையில் நீளமாக விழுந்தது. அந்த வெளிச்சத்தின் அடுத்த முனையில், கடைக்குப் போய்விட்டுப் பக்கத்து வீட்டுப் படியை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்த பால்வண்ணம் காய்கறிப் பையோடு நின்றார். தன் வீட்டின் உட்புறத்தைத் தெருவில் நின்று அவர் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. வாசலிலிருந்து நேர்கோட்டில் பின்னறையும் கட்டிலும் தெரிந்தன.

சண்முகவடிவு ஈரக்கையோடு வந்தாள். கதவைப் பார்க்கவில்லை, தங்கபுஷ்பத்தைப் பார்க்கவில்லை, தன்னைப் பார்த்துவிடக் கூடாதே என்று தலையைக் குனிந்துகொண்ட ஆவுடையையும் பார்க்கவில்லை. நேரே கட்டிலுக்குப் போய், தலைமாட்டிலிருந்து கால்மாடு வரைக்கும் உள்ளங்கையால் மெல்லத் தடவிக்கொண்டே வந்தாள். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைத் தடவுவதுபோல இருந்தது அது. நாடாக்களின் இடுக்கில் கொட்டை அகப்பட்டது. எடுத்து, திறந்திருந்த வாசல் வழியாக வீசினாள். அது பால்வண்ணத்தின் காலடியில் போய் விழுந்தது. கதவு சாத்திக்கொண்டது.

தங்கபுஷ்பம் மாடிப்படி ஏறினாள். சேலை சுவரில் மாட்டிக் கிழிந்த சத்தம் கீழே வரைக்கும் கேட்டது. கறிவேப்பிலையை வாங்க மறந்துவிட்டாள்.

பால்வண்ணம் மாடி வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் வந்து சேர வழக்கத்தைவிட ரொம்ப நேரமானது. பையை அடுப்படி வாசலில் வைத்தார். பின்னறைப் பக்கம் போய், உள்ளே கால் வைக்காமல், நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றார். அப்புறம் வந்து ஆவுடையின் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"அந்தக் குழாய் பாரத்தத் தெறளா" என்றார்.

ஆவுடை மடிக்கணினியை எடுத்துத் திறந்து வைத்தாள். அவரே தட்டினார். லாரி நம்பர்களைத் தட்டித் தட்டிப் பழகிய ஒற்றை விரலால் பெயரை, கதவு எண்ணை, தெருவை, கைபேசி எண்ணைத் தட்டிக்கொண்டு மின்னஞ்சல் கட்டத்துக்கு வந்தார். விரல் அங்கே நின்றது. கட்டத்தைத் தாண்டிக் கீழே போகப் பார்த்ததும் சிவப்பு எழுத்துகள் வந்தன.

"ஒங்க பேருல புதுசா ஒண்ணு போட்டுத் தாரேன்ப்பா. ரெண்டு நிமிஷந்தான்" என்றாள் ஆவுடை.

"வேண்டாம்." அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவளுக்கு இருக்கும்லா."

ஆவுடைக்கு யார் என்று தெரியும். அக்கா மாதம் ஒரு தடவை அவளுக்கு எழுதுவதும், அவள் அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவதும், அந்த நேரத்தில் அப்பா எழுந்து மாடிக்குப் போய்விடுவதும் அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்து, யாரும் பேசாத விஷயங்கள். ஆனாலும் அவள், "யாருக்குப்பா?" என்று கேட்டாள். வாழ்நாளில் அவள் கேட்ட கேள்விகளில் அதற்குத்தான் அவளுக்கு அதிகத் தைரியம் வேண்டியிருந்தது.

அவர் விரலை எழுத்துப் பலகைக்குக் கொண்டுபோனார். "ஒவ்வொரு எழுத்தா சொல்லு" என்றார்.

அவள் சொன்னாள். கே என்றாள், யூ என்றாள், இஸட் என்றாள். அவர் ஒவ்வொன்றையும் பலகை முழுக்கத் தேடிக் கண்டுபிடித்து அழுத்தினார். நீளமான பெயர், அவர்தான் குற்றாலத்தில் அம்மன் சன்னதியில் நின்று வைத்த பெயர். பாதியில் ஒரு எழுத்தை மாற்றி அடித்துவிட்டு, அழித்து, மறுபடி அடித்தார். கட்டத்தில் பெயர் முழுசாக வந்து, அதன் வாலில் முகவரியின் மிச்சமும் வந்ததும், சிவப்பு எழுத்துகள் மறைந்தன. அவர் அனுப்பு என்பதை அழுத்தினார். அந்த முகவரிக்கு ஓர் எண் அனுப்பப்பட்டிருக்கிறது, அதை இங்கே பதியவும் என்று திரை சொன்னது.

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றிருந்தது.

"போனப் போட்டுக் குடு" என்றார் பால்வண்ணம்.

ஆவுடை எண்ணை அழுத்திவிட்டு அவரிடம் நீட்டினாள். மணி போய்க்கொண்டே இருந்தது. பிறகு ஒரு குரல், "என்னளா ஆவுடை, இந்நேரத்துக்கு? அம்மைக்கு ஒண்ணும் இல்லல்லா?" என்றது.

பால்வண்ணம் தொண்டையைச் செருமினார். "நாந்தான்" என்றார். "ஒனக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். பாரு."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்து அடங்கியது. ஒரு குழந்தை என்னவோ கேட்டது, யாரோ அதை உஷ் என்றார்கள்.

"வந்திருக்குப்பா" என்றது குரல்.

"சொல்லு குழலி" என்றார் அவர்.

அவள் சொல்லச் சொல்ல, பால்வண்ணம் ஒவ்வோர் எண்ணாகத் தட்டினார்.